ஒப்படைத்துவிட்டுப் படுங்கள்

இம்முறை இரவு ஜெபத்தையும் தூக்கத்தையும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். தூக்கமில்லாமல் தவிப்பதை ஊரறியச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

பாளையங்கோட்டை வாசகி: முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்கினால் பாதியிலேயே கண் சொருகிவிடுகிறது. கர்த்தர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் ஐயா?

களைத்துப்போன மகள் என்று நினைப்பார் அம்மா. லிசியே நகரத்துப் புனித தெரேசா (1873–1897) கார்மேல் மடத்தில் செப நேரத்திலேயே அடிக்கடி தூங்கிவிடுவாராம். அதற்காக அவர் மனம் உடைந்துபோகவில்லை. பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒரே பிரியம்தான் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கிப்போனபோது இயேசு கடிந்துகொண்டார். கையோடு, மாம்சத்தின் பலவீனத்தை அவர்களுக்காக அவரே எடுத்தும் சொன்னார்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். சொல்லியே ஆகவேண்டிய விண்ணப்பங்களை எல்லாம் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபத்தில் சொல்லி முடித்துவிடுங்கள். படுக்கையருகே வரும்போது நன்றி சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குள் தூங்கிவிட்டாலும் குறையில்லை.

மார்த்தாண்டம் வாசகர்: படுத்தால் போதும், நகைக் கடன் வட்டி, பெரியவளின் காலேஜ் ஃபீஸ், ஆபீசில் முடிக்காத வேலை என்று எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கிறது. 91-ஆம் சங்கீதத்தை மூன்று தடவை சொல்லியும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது.

நான்காம் தடவை சொல்லாதீர்கள். எழுந்து உட்கார்ந்து ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பாப்டிஸ்ட் சபையார் தொடங்கிய பேலர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மைக்கேல் ஸ்கல்லின் என்பவரின் குழு, 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்தது. படுக்குமுன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். ஒரு பிரிவினர் முடித்த வேலைகளை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் இனிமேல் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். அவர்களிலும் விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது. 2018-இல் வெளியான ஆய்வு இது.

விவரமாக என்பதுதான் முக்கியம். ‘கடன்’ என்று ஒற்றை வார்த்தை எழுதினால் அது இரவு முழுக்க முறைத்துப் பார்க்கும். ‘புதன் பத்தரை மணி, கூட்டுறவு வங்கி, வட்டியை மட்டும் கட்டி நகையை மறுபடி வைக்கணும், ரசீது பீரோ மேல்தட்டில், மாமாவின் பழைய டைரிக்குள்’ என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, அதை வாய்விட்டுக் கர்த்தரிடம் சொல்லுங்கள். பிறகு தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பட்டியல் போடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாளைய பாட்டை நாளைக்கு விடச் சொன்னவர், அதை மறந்துபோகச் சொல்லவில்லை. இருட்டில் கிடந்தபடி நாம் ஜெபம் என்று எண்ணிக்கொள்வதில் பெரும்பகுதி, கவலையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுதான். ஒப்படைத்தவன் ஒரு முறை சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுவான்.

நாசரேத் வாசகர்: செவ்வாய்தோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அன்றைக்கு மட்டும் நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வருவதில்லை. ஆவியின் அனலா?

கூட்டம் முடிந்ததும் காப்பி கொடுக்கிறீர்களா? காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் குடித்ததில் பாதி, இரண்டு மணிக்கும் உங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த செவ்வாய் சுக்குத் தண்ணீர் வைத்துப் பாருங்கள்.

தூத்துக்குடி வாசகி: பழைய திருச்சபையில் இரவு ஜெபத்துக்கென்று தனி ஒழுங்கு இருந்ததா?

இருந்தது, இன்றும் இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய விதிநூலில் படுக்கப் போகுமுன் சொல்லவேண்டிய ஜெபத்தை வகுத்திருக்கிறார். மற்ற வேளைகளில் சங்கீதங்கள் பெரும்பாலும் மாறி மாறி வரும். இரவுக்கு மட்டும் 4, 91, 134 என்று அதே மூன்று, ஒவ்வொரு நாளும். அது முடிந்தபின் யாரும் பேசக் கூடாது. விருந்தாளி வந்தாலோ, மடத்தின் தலைவர் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தாலோ மட்டும் விலக்கு. அப்போதும் அடக்கமாகப் பேச வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் ஞானம் எனக்கு வரவர அதிகமாகப் புரிகிறது. தெரிந்த வார்த்தைகளைச் சொல்ல மூளை வேலை செய்ய வேண்டியதில்லை. வாய் சொல்லும், மனம் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். இரவு பத்து மணிக்குப் புதிய வியாக்கியானம் வாசிப்பதும், வெளிப்படுத்தின விசேஷத்தின் முத்திரைகளை ஆராய்வதும் காலைக்கு உரிய வேலை.

கத்தோலிக்கர்களின் திருப்புகழ்மாலையில் இந்த இரவு மன்றாட்டு சிமியோன் பாடலோடு இன்றும் இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இங்கிலாந்தில் கிரான்மர் 1549-இல் ஜெபப் புத்தகத்தைத் தொகுத்தபோது சாயங்கால ஜெபத்தையும் இந்த இரவு ஜெபத்தையும் ஒன்றாக்கினார். ஆங்கிலிகன் மாலை ஆராதனையில் சிமியோன் பாடல் வருவது அதனால்தான். லுத்தர் இன்னும் சுருக்கிவிட்டார். 1529-இல் வெளிவந்த சிறு ஞானோபதேசத்தில் அவர் சொல்வது: சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், விருப்பமானால் ஒரு சிறு ஜெபம், பிறகு உடனே, சந்தோஷமாகத் தூங்கப் போக வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் அந்த ஞானோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

உங்களுக்கு ஒரு சிபாரிசு: 4-ஆம் சங்கீதம். எட்டே வசனம். ஒரு மாதம் வேறெதையும் தேடாமல் இதை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிப் பாருங்கள்.

திருப்பூர் வாசகர்: வேதத்தைப் போனில்தான் வாசிக்கிறேன், படுத்துக்கொண்டே. சரிதானே?

வேதம் போனுக்குள் இருக்கிறது. வாட்ஸ்அப்பும் அதே போனுக்குள் இருக்கிறது. இரவுக்கு அச்சடித்த வேதாகமம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அடுத்த அறையில் சார்ஜ் ஏறட்டும். அலாரத்துக்குத்தான் போன் என்றால், ஒரு சின்ன மேசைக் கடிகாரம் வாங்குங்கள்.

மதுரை வாசகி: தினமும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கர்த்தர் எழுப்புகிறார் என்கிறார் அக்கா. பிசாசு எழுப்புகிறான் என்கிறார் மாமியார். நான் யாரை நம்புவது?

ஏலியை நம்புங்கள். சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்ட அந்த இரவில், சிறுவன் மூன்று முறை ஏலியிடம் ஓடினான். மூன்று முறையும் அந்தப் பெரியவர் சொன்னது, திரும்பப் போய்ப் படுத்துக்கொள் என்பதுதான். மூன்றாம் முறை மட்டும், மறுபடி சத்தம் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். நிஜமான அழைப்பு, படுத்திருந்த பிள்ளையைத் தேடித்தான் வந்தது.

இடையில் விழிப்பு வருவது உடம்பின் இயல்பு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் எகிர்ச் 2005-இல் வெளியிட்ட நூலில், மின்விளக்குக்கு முந்தைய ஐரோப்பாவில் மக்கள் ‘முதல் தூக்கம்’, ‘இரண்டாம் தூக்கம்’ என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கியதற்குச் சான்றுகளை அடுக்குகிறார். இரண்டுக்கும் நடுவே விழித்திருக்கும் நேரத்தில் சொல்லவென்றே ஜெபப் புத்தகங்களில் ஜெபங்கள் இருந்தன. அவர்கள் பயப்படவில்லை, எழுந்தார்கள், ஜெபித்தார்கள், மறுபடி தூங்கினார்கள்.

முதலில், மணி பார்ப்பதை நிறுத்துங்கள். மூன்று என்று தெரிந்ததும், விடிய எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்குதான் தூக்கத்தைத் துரத்துகிறது. சுமார் இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் கட்டிலை விட்டு எழுந்துவிடுங்கள். 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. இன்றைய மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். படுக்கை தூங்குவதற்கான இடம் என்பது உடம்புக்கு மறந்துபோகக் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்த நோயாளிகளை, பரீட்சை எழுதும் பிள்ளைகளை, வெளியூரில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபியுங்கள். கண் கனத்ததும் போய்ப் படுங்கள். அக்காவின் மனமும் குளிரும். மாமியாருக்கும் பயம் போகும்.

திருச்சி வாசகி: இரவில் செபமாலை சொல்லும்போது மூச்சே அமைதியாகிவிடுகிறது. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்து அளந்து, 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மங்கள வார்த்தை செபத்தை லத்தீனில், முன்சொல்பவரும் பின்சொல்பவர்களுமாக மாறி மாறிச் சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் லயமும் அதோடு ஒத்துப்போனது. பௌத்த மந்திரம் சொன்னவர்களுக்கும் அப்படியே நடந்தது. ஆகவே மூச்சு அடங்குவதை விசுவாசத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பை அப்படிப் படைத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவசரப்படாமல் சொல்லுங்கள். ஐம்பத்து மூன்று மணியையும் ஓடி முடித்தால் இந்தப் பலன் கிடைக்காது.

நாகர்கோவில் வாசகர்: சூரியன் அஸ்தமிக்கும் முன் கோபம் தணிய வேண்டும் என்று பவுல் சொல்கிறார். அதனால் எந்தச் சண்டையையும் பேசித் தீர்க்காமல் நான் படுப்பதில்லை. மனைவி அழுதுகொண்டே தூங்குகிறாள்.

பவுல் கோபத்தைத்தான் முடிக்கச் சொன்னார் தம்பி, விவாதத்தை அல்ல. இரவு பதினொன்றரைக்குக் களைத்த இருவர் பேசித் தீர்த்த பிரச்சினை எதுவும் கிடையாது. ‘கோபத்தில் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள். நாளை சாயங்காலம் பிள்ளைகள் டியூஷன் போனதும் உட்கார்ந்து பேசுவோம்’ என்று சொல்லுங்கள். சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லுங்கள். மன்னிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. விளக்கை அணையுங்கள்.

திண்டுக்கல் வாசகி: இரவில் ஆன்ம சோதனை செய்யச் சொன்னார் எங்கள் பங்குத்தந்தை. செய்யத் தொடங்கினால் என் பாவங்கள் எல்லாம் எழுந்து வந்து மிரட்டுகின்றன.

தொடங்கும் இடம் தவறு. லொயோலா இஞ்ஞாசியார் தன் ஆன்மிகப் பயிற்சிகளில் சொன்ன வரிசையைப் பாருங்கள்: முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பிறகு அறிந்துகொள்ள அருள் கேட்பது, அதற்குப் பிறகுதான் நாளைத் திரும்பிப் பார்ப்பது, அப்புறம் மன்னிப்பு, கடைசியில் நாளைக்கான தீர்மானம். நீங்கள் நேராக மூன்றாவதில் குதித்து அங்கேயே நின்றுவிடுகிறீர்கள்.

அந்த மனிதருக்கு உங்கள் வேதனை தெரியும். 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் அளவுக்குக் குற்றவுணர்வில் சிக்கியவர் அவர். பழைய பாவங்களை மறுபடி கிளறுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே மீண்டார்.

இன்றைய நாளில் கிடைத்த நல்லதைச் சொல்லித் தொடங்குங்கள்: வேளைக்குக் கிடைத்த பஸ், குழம்பு நன்றாக இருந்தது என்று பையன் சொன்னது, வலி குறைந்த முழங்கால். இதைக் கட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்ததும் உட்கார்ந்து செய்யுங்கள். மன்னிப்புக் கேட்ட பிறகும் அதே பாவம் தினமும் துரத்தினால் பங்குத்தந்தையிடம் நேரில் பேசுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள் அம்மா.

கோயம்புத்தூர் வாசகி: ஆறு வயது மகன் இருட்டைக் கண்டால் அலறுகிறான். ஜெபிக்காமல் தூங்கினால் சாத்தான் வருவான் என்று பாட்டி சொல்லிவிட்டார்.

படுக்கும் நேரத்தில் சாத்தானின் பெயரே வேண்டாம். பாட்டியிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஜெபம் அபராதத்துக்குப் பயந்து கட்டுகிற வரியாக அந்தப் பிஞ்சு மனதில் பதியக் கூடாது. படகின் பின்பக்கத்தில், புயலுக்கு நடுவே, தலையணை வைத்து இயேசு தூங்கிய கதையைச் சொல்லுங்கள். அந்தத் தலையணையை மாற்கு மறக்காமல் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கு அது உடனே பிடித்துவிடும். கால் கழுவுவது, கதை, இரண்டு வரி ஜெபம், நெற்றியில் சிலுவை, விளக்கு என்று தினமும் அதே வரிசையில் நடக்கட்டும்.

வேலூர் வாசகி: ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ் நான். காலை எட்டரைக்கு வீடு திரும்பிப் படுக்கிறேன். எனக்கு இரவு ஜெபம் எப்போது?

காலை ஒன்பதுக்கு, சகோதரி. அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை 1979-இல் வெளியிட்ட ஜெபப் புத்தகத்தின் இரவு ஜெபத்தில், அந்த இரவில் வேலை செய்பவர்களுக்காகவும் விழித்திருப்பவர்களுக்காகவும் அழுபவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு உண்டு. மற்றவர்கள் தூங்கப் போகும்போது உங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். வரும் வழியில் வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை. காலிங் பெல்லை நிறுத்திவையுங்கள். ‘பகலில்தானே வீட்டில் இருக்கிறாள்’ என்று உங்களை எழுப்பி வேலை சொல்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

சென்னை வாசகர்: ஐந்து மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு என்கிறார் சபையில் ஒரு மூப்பர்.

எலியாவின் கதையை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிக்கொண்டு படுத்த தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி கொடுத்தான். மெல்லிய குரல் எல்லாம் அதற்கு நாற்பது நாளுக்குப் பிறகு. உடம்பைக் கவனிப்பது தேவனுடைய முறையிலேயே இருக்கிறது.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவம் அதை நோய் என்றே கணக்கில் எடுக்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது இருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். அது மூச்சுத்தடை நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சையே வேறு. எண்ணங்களையும் படுக்கைப் பழக்கங்களையும் திருத்தும் பேச்சு சிகிச்சை ஒன்று உண்டு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதையே முதல் சிகிச்சையாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. அது கிடைக்குமா என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மாத்திரையைப் போட்டுவிட்டு ஜெபியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

படுக்கையைக் கண்ணீரால் நனைத்தேன் என்ற பொருளில் 6-ஆம் சங்கீதத்தில் தாவீதே அழுகிறார். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் இரவில் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் அரசு நடத்துவது, இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

ஆவடி வாசகர்: எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் முழு இரவு ஜெபம். ஒலிபெருக்கியைத் தெருவைப் பார்த்து வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் பேறுகாலத்துக்கு வந்திருக்கும் பெண் தூங்க முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். போதகர், ஆத்தும ஆதாயம் முக்கியம் என்கிறார்.

அந்தப் பெண்ணின் தூக்கமும் முக்கியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கேட்கக் கூடாது. கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் இது பொது. சட்டத்தை விடுங்கள், அவர் உங்கள் அயலார். நம்முடைய ஜெபத்தால் ஒரு கர்ப்பிணி விழித்துக் கிடப்பதைக் கர்த்தர் விரும்புவார் என்று நான் நம்பவில்லை. இந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீங்களே எழுந்து போய் மைக்கை அணையுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விடிய விடிய ஜெபியுங்கள். சனிக்கிழமை காலை போதகரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள்.